படையலும் பங்கும்

பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் பொருந்தல் என்ற ஊர் இருக்கிறது. 2009இல் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையிலான குழு அங்கே இரும்புக்கால ஈமச்சின்னங்களை அகழ்ந்தது. ஒரு கல்லறைக்குள் நான்கு கால் கொண்ட ஜாடி கிடைத்தது. அதற்குள் சுமார் இரண்டு கிலோ நெல். பானையைத் தாங்கும் பிரிமனை ஒன்றில் ‘வயிர’ என்று தமிழ் பிராமி எழுத்து. நெல்லைக் கதிரியக்கக் கரிம ஆய்வுக்கு அனுப்பியதில் பொ.ஆ.மு. 490 என்ற காலம் வந்தது. தமிழ் எழுத்தின் வயது என்ன என்ற விவாதம் அதிலிருந்து சூடு பிடித்தது. எழுத்துக்குக் கிடைத்த கவனத்தில் சிறு பங்குகூட அந்த நெல்லுக்குக் கிடைக்கவில்லை.

செத்தவருக்கு எதற்கு நெல்?

அந்த ஆண்டுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால், பொருந்தலில் யாரோ ஒருவர் ஜாடியில் நெல்லை அளந்து கொட்டிய காலத்தில் சீனத்தில் கன்ஃபூசியஸ் உயிரோடு இருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. சொந்த நாடான லூவை விட்டுக் கிளம்பி, சீடர்களோடு நாடு நாடாக அலைந்துகொண்டிருந்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் முந்நூறு ஆண்டுகள் விடாமல் வாதாடிய கேள்விகளில் முக்கியமானது இதுதான். செத்தவருக்கு, கண்ணுக்குத் தெரியாதவருக்கு, ஏன் சோறு வைக்கிறோம்? வைத்த சோறு யாருக்குப் போய்ச் சேர்கிறது? திண்டுக்கல் சமவெளியில் மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடப் போகிற குடும்பங்கள் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் பொங்கல் பானை இறங்குவதிலிருந்து கடைசிப் பந்தி எழுவது வரை அவர்கள் செய்கிற ஒவ்வொரு செயலிலும் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. சீனச் சிந்தனையாளர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பதில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

சீனக் கதை எலும்பில் தொடங்குகிறது. நாட்டு மருந்துக்காக ‘டிராகன் எலும்பு’ என்று விற்கப்பட்டுவந்த பழைய எலும்புகளில் எழுத்து இருப்பதை 1899இல் வாங் யிரோங் என்ற அதிகாரி அடையாளம் கண்டார். 1928 முதல் ஆன்யாங்கில் நடந்த அகழாய்வுகள் அவை ஷாங் வம்ச மன்னர்கள் குறிகேட்ட எலும்புகள் என்பதை உறுதி செய்தன. மாட்டின் தோள்பட்டை எலும்பிலோ ஆமையின் வயிற்றோட்டிலோ குழி குடைந்து, அங்கே நெருப்பால் சுடுவார்கள். வெடிப்பு ஓடும். அந்த வெடிப்பில்தான் முன்னோரின் விடை. என்ன கேட்டோம் என்பதைப் பக்கத்திலேயே செதுக்கி வைத்தார்கள். பெரும்பாலான கேள்விகள் பலியைப் பற்றியவை. எந்தத் தாத்தாவுக்கு, எந்த நாளில், ஐந்து மாடா, பத்து மாடா? ஒரே கேள்வியை ஓட்டின் ஒருபுறம் ‘ஆகும்’ என்றும் மறுபுறம் ‘ஆகாது’ என்றும் இரண்டு விதமாகக் கேட்டார்கள்.

பொ.ஆ.மு. 1200 வாக்கில் ஆண்ட வூ டிங் மன்னனுக்குப் பல்வலி வந்திருக்கிறது. மறைந்துபோன தந்தை, பெரியப்பன்மாரில் யார் கோபத்தால் இந்த வலி என்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் குறி கேட்டிருக்கிறான். வேடசந்தூர்ப் பக்கமோ நத்தம் பக்கமோ குறி சொல்லும் கோடாங்கியிடம் போய் உட்கார்ந்த யாருக்கும் இந்தக் காட்சி புதிதாக இருக்காது. உடுக்கை அடிக்கிறது. வந்தவருக்குக் காய்ச்சலா, கல்யாணத் தடையா, மாடு செத்ததா என்பது முதலில் வெளியே வரும். பிறகு எந்தச் சாமி குத்தம் என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டுக் கழித்து, கடைசியில் ஒரு பெயரில் வந்து நிற்பார். வெகுகாலம் கும்பிடாமல் விட்ட சாமியாக இருக்கும். அல்லது கன்னியாகச் செத்துப்போன அத்தையாக இருக்கும். சாமி முன் வைத்த பூப்பொட்டலத்தில் வெள்ளை வருகிறதா சிவப்பு வருகிறதா என்று உத்தரவு கேட்பதும் ஆமையோட்டின் இருபுறக் கேள்விதான். செத்தவர்கள் விலகிப் போய்விடவில்லை, உறவு அறுந்தால் வலிக்கும்படி அவர்கள் இன்னும் பங்காளிகள்தான் என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் அடியில் கிடக்கிறது.

ஷாங் காலத்தின் பலி மாட்டோடு நிற்கவில்லை. வூ டிங்கின் மனைவி ஃபூ ஹாவின் கல்லறை 1976இல் திறக்கப்பட்டபோது 468 வெண்கலப் பொருட்கள், 755 பச்சைக்கல் பொருட்கள் இருந்தன. கூடவே பதினாறு மனிதர்களும் ஆறு நாய்களும் புதைக்கப்பட்டிருந்தார்கள். போரில் பிடித்துவந்த கியாங் இன மக்களைக் கூட்டம் கூட்டமாகப் பலியிட்டதை எலும்பெழுத்துகளே கூசாமல் எண்ணிச் சொல்கின்றன. முன்னோர் பசியின் பெயரால் அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது சாட்சி. பலி பற்றிப் பேசும் யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. கன்ஃபூசியஸ் காலத்துக்குள் மனித பலி அருவருப்பாகிவிட்டது. கல்லறைக்கு மனித உருவப் பொம்மை செய்தவனைக்கூட அவர் சபித்ததாக, அவர் வழியில் பின்னால் வந்த சிந்தனையாளர் மென்சியஸ் சொல்கிறார்.

வைகைப் படுகையில் செத்தவர்களின் இருப்பிடம் கல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ் பிராமி நடுகற்களில் ஒன்று, ஆநிரை கவரும் ஆகோள் பூசலில் மாண்ட ஒருவனுக்கு நட்டது. நிலக்கோட்டை வட்டத்துத் தாதப்பட்டியிலும் அதே வகைக் கல் கிடைத்தது. கல்லைத் தேர்வதிலிருந்து தொடங்கும் நடுகல் சடங்கை ஆறு கட்டமாகப் பிரிக்கும் தொல்காப்பியம், அதில் ‘பெரும்படை’ என்று படையலுக்கே ஒரு கட்டத்தை ஒதுக்குகிறது. இன்று ஊர் எல்லையில், கண்மாய்க் கரையில் நிற்கிற ‘பட்டவன்’ சாமிகள் அந்த வரிசையின் தொடர்ச்சி. வெட்டுப்பட்டும் குத்துப்பட்டும் ஆயுள் முடியுமுன் செத்தவர்கள். அப்படிச் செத்தவர்களுக்கு இடம் கொடுக்காமல் விட்டால் ஊருக்கு ஆகாது என்பது இந்தப் பகுதி மக்களின் பழைய அனுபவம்.

இதைச் சீனத்தில் ஓர் அமைச்சர் அரசியலாகவே செய்து காட்டினார். செங் நாட்டில் போ யோவ் என்ற பிரபு பொ.ஆ.மு. 543இல் அதிகாரச் சண்டையில் கொல்லப்பட்டார். சில ஆண்டுகள் கழித்து, போ யோவின் ஆவி வருகிறது என்று தலைநகரமே அலறி ஓடத் தொடங்கியது. அவர் சாவார், இவர் சாவார் என்று கனவில் சொல்லப்பட்டவர்கள் சொன்ன நாளில் இறந்தார்கள். அமைச்சர் சூசான் பேயோட்டியை அழைக்கவில்லை. போ யோவின் மகனுக்குப் பதவி கொடுத்து, அந்தக் குடும்பத்தின் முன்னோர் வழிபாடு தொடர வழி செய்தார். ஆவி அடங்கியது. திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிற ஆவி கெடுதல் செய்யாது என்பது அவர் தந்த விளக்கம். அநியாயமாகச் செத்தவனின் குடும்பத்துக்குப் பறிபோன இடத்தைத் திருப்பிக் கொடுத்ததுதான் அங்கே நடந்த சாந்தி. நம் ஊர்களில் கொன்றவர்களின் வம்சமே கொல்லப்பட்டவனுக்குக் கல் நட்டுக் கும்பிடுகிற கதைகள் எத்தனையோ. சூசானின் அளவுகோலால் பார்த்தால், அவற்றில் பாதி நீதிதான் இருக்கிறது. கல் கிடைத்தது. பதவியும் நிலமும் கிடைக்கவில்லை.

பழைய சீனச் சடங்குகளில் ‘ஷி’ என்று ஓர் ஆள் உண்டு. செத்த தாத்தாவின் இடத்தில் பேரன் உட்காருவான். சொந்தத் தகப்பனே அவன் முன் குனிந்து மது ஊற்றுவார், கறி வைப்பார். அவன் உண்டு, குடித்து, தாத்தாவின் பெயரால் வாழ்த்துச் சொல்வான். அந்தச் சிறுவன் அசையாமல், நிதானமாக உட்கார்ந்திருக்க வேண்டும். நம் சாமியாடி அதற்கு நேர்மாறு. பம்பையும் உறுமியும் ஏற ஏற உடம்பு நடுங்கி, அரிவாள்மேல் ஏறி நின்று, சுருட்டுப் பிடித்து, பெயர் சொல்லி அழைத்து, ஏன் போன வருசம் வரவில்லை என்று உரிமையோடு கோபித்துக்கொள்வார். ஆட்டமும் அமைதியும் வேறுவேறு. ஆனால் பார்க்க முடியாதவருக்கு ஒரு குடும்பத்து ஆளின் உடம்பையே கடனாகக் கொடுப்பது இரண்டுக்கும் பொது. ‘ஷி’ வழக்கம் சீனத்தில் பொ.ஆ.மு. மூன்றாம் நூற்றாண்டுக்குள் மறைந்துபோய், அந்த இடத்தில் பெயர்ப் பலகை வந்தது. இங்கே உடம்பு இன்னும் ஓயவில்லை.

ஆவிகள் உண்டா, இல்லையா? சீனத்தில் இதற்குக் கிடைத்த பதில்கள் தமிழ்நாட்டின் பகுத்தறிவு விவாதங்களைப் படித்தவர்களுக்குச் சுவையாக இருக்கும். கன்ஃபூசியஸ் நேராகப் பதில் சொல்லவில்லை. எதிரே இருப்பதைப் போல நினைத்துப் படையல் போட வேண்டும் என்றார். உயிரோடு இருக்கிறவர்களுக்கே ஒழுங்காகத் தொண்டு செய்யத் தெரியாதபோது ஆவிகளுக்கு எப்படிச் செய்வது என்று சீடனைத் திருப்பிக் கேட்டார். அவருக்குப் பின் வந்த மோசி, ஆவிகள் உண்டு, நல்லவனுக்குக் கூலியும் கெட்டவனுக்குத் தண்டனையும் தருகின்றன என்று சாட்சிகளை அடுக்கினார். வீண் செலவை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர் மோசி. ஆடம்பரச் சாவுச் சடங்குகளையும் மூன்றாண்டுத் துக்கத்தையும் சாடியவர். அவரே சொன்னார்: ஆவிகள் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் படையல் போட்ட மதுவும் தானியமும் சாக்கடையில் கொட்டியதாகாது. வீட்டாரும் ஊராரும் கூடி உண்கிறார்கள், உறவு பலப்படுகிறது.

மோசிக்குப் பின் வந்த ஷுன்சி இன்னும் ஒரு படி போனார். வேண்டினால் மழை வருகிறதே என்றதற்கு, வேண்டாவிட்டாலும் வரும் மழைதான் அது என்றார். ஆனாலும் சடங்கை விடச் சொல்லவில்லை. கற்றவர்கள் அதை மனிதரின் வழி என்று பார்க்கிறார்கள், மக்கள் ஆவிகளின் காரியம் என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு என்றார். மழை பொய்த்த ஆண்டில் ஊர் எல்லையில் கொடும்பாவி கட்டி இழுத்து, மழைக்கஞ்சி காய்ச்சிக் குடிக்கிற வறண்ட திண்டுக்கல் ஊர்களை ஷுன்சி பார்த்திருந்தால், அந்தக் கஞ்சியை வானத்தோடு பொருத்திப் பார்த்திருக்க மாட்டார். வீடு வீடாகத் தானியம் வாங்கி ஒரே அண்டாவில் ஊற்றுவதைப் பார்த்திருப்பார். பஞ்சம் தொடங்கும் வேளையில் எந்த வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்துவிடும் சடங்கு அது.

பலியை நிறுத்துவதா என்ற கேள்வி தமிழ்நாட்டில் சட்டமாகவே வந்தது. கோயில்களில் விலங்கு, பறவைப் பலியைத் தடை செய்யும் சட்டம் 1950இல் இயற்றப்பட்டது. பல பத்தாண்டுகள் அது ஏட்டில் கிடந்தது. 2003 ஆகஸ்ட் இறுதியில் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அன்றைய முதல்வர் ஜெயலலிதா உத்தரவிட்டார். கிராமக் கோயில்களில் போலீசு நின்றது. நேர்ந்துவிட்ட கிடா கட்டிய இடத்திலேயே நின்றது. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்களும் தலித், இடதுசாரி இயக்கத்தினரும் இந்தத் தடையை ஒரு பண்பாட்டை இன்னொரு பண்பாட்டின் கண்ணால் அளப்பதாக எதிர்த்தார்கள். 2004 பிப்ரவரியில் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது. 1960ஆம் ஆண்டின் மத்திய வதைத் தடுப்புச் சட்டமும், மத வழக்கம் கோருகிற முறையில் விலங்கைக் கொல்வதைத் தன் 28ஆம் பிரிவில் குற்றத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது.

இந்தச் சர்ச்சையின் இரு தரப்பும் பழைய சீன நூல்களில் இருக்கின்றன. அமாவாசைச் சடங்கு செத்துப்போய், அதற்குக் கொடுக்கும் ஆடு மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த ஆட்டையும் விட்டுவிடலாமே என்றான் சீடன் சூகோங். நீ ஆட்டை நேசிக்கிறாய், நான் சடங்கை நேசிக்கிறேன் என்ற பொருளில் கன்ஃபூசியஸ் பதில் சொன்னார். மென்சியஸ் ஓர் அரசனோடு பேசினார். மணிக்கு இரத்தம் பூசுவதற்காக இழுத்துச் செல்லப்பட்ட மாடு நடுங்குவதைக் கண்ட சீ நாட்டு அரசன், அதை விட்டுவிட்டு ஆட்டைக் கொடுக்கச் சொன்னான். மாட்டைக் கண்டாய், ஆட்டைக் காணவில்லை, அதனால்தான் இந்த இரக்கம் என்றார் மென்சியஸ். அதைக் குற்றமாகவும் சொல்லவில்லை. இரக்கம் முளைக்கும் இடம் கண்தான் என்றார்.

அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தையில் நின்றால் மென்சியஸ் சொன்னது புரியும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் விடியற்காலையிலேயே ஆடுகளும் சேவல்களும் வண்டி வண்டியாக வந்து இறங்குகின்றன. அவற்றில் கறிக்கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் போகிற ஆடுகளை உண்பவர்கள் பார்ப்பதே இல்லை. அதே ஊரில், திருச்சி நெடுஞ்சாலை ஓரத்து வண்டிக் கருப்பணசாமி கோயிலுக்குப் போகிற ஆட்டை நேர்ந்துகொண்ட குடும்பம் முழுவதும் பார்க்கிறது. மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்து உலுக்கும்வரை காத்து நிற்கிறார்கள். உலுக்கினால்தான் சாமி உத்தரவு. ஆட்டின் சம்மதம் என்று இதைச் சொல்வது நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்வது என்று வாதிடலாம். அந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஆனாலும் கொல்வதற்கு முன் கேட்க வேண்டும், கேட்டபின் காத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் கறிவெட்டும் கூடத்தில் இல்லை. ஓர் உயிரை எடுக்கிறோம் என்ற நினைவு பலிக்களத்தில் இருக்கிறது.

பலி மாறாத பொருளும் அல்ல. திருமுருகாற்றுப்படை போற்றும் தலங்களில் ஒன்று ஆவினன்குடி, பழனி மலையின் அடிவாரம். அதே நூலின் கடைசிப் பகுதியில் கிடாயின் இரத்தம் பிசைந்த அரிசியைக் குறமகள் முருகனுக்குத் தூவுகிறாள். இன்று பழனியின் அடையாளம் பஞ்சாமிர்தம். சீனத்திலும் பௌத்தத்தில் தோய்ந்த லியாங் பேரரசர் வூ, பொ.ஆ. 517இல் முன்னோர் கோயிலின் உயிர்ப்பலியை நிறுத்தி மாவில் செய்த உருவங்களை வைக்கச் சொன்னார். சாமி மாறலாம், படையல் மாறலாம். மாற்றம் வழிபடுகிறவர்களுக்குள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்து இறக்கப்பட்டதா என்பதில்தான் வித்தியாசம்.

இவ்வளவு தூரம் வந்தபின், ஆடு வெட்டுப்பட்ட பிறகு நடப்பதைப் பார்க்க வேண்டும். பலியைப் பழிப்பவர்களும் போற்றுகிறவர்களும் பெரும்பாலும் அரிவாள் இறங்கும் கணத்தோடு நின்றுவிடுகிறார்கள். சீனர்கள் அப்படி நிற்கவில்லை. லூ நாட்டில் பலிக்கறியின் பங்கு தமக்கு வரவில்லை என்பதற்காகக் கன்ஃபூசியஸ் பதவியை விட்டுப் போனார் என்று மென்சியஸ் எழுதுகிறார். கறிக்காகப் போனார் என்று அறியாதவர்கள் நினைத்தார்கள். பங்கு வராததன் பொருள், அரசவையில் அவருக்கு இடமில்லை என்பது. அரசனின் பலிக்கறியை இரவு தாண்டி வைக்கக் கூடாது, வீட்டுப் பலிக்கறியை மூன்று நாளுக்குமேல் வைக்கக் கூடாது என்று அவர் விதி வைத்திருந்தார். சேர்த்து வைப்பதற்கு அல்ல, பகிர்வதற்கு. நம் காட்டுக் கோயில்கள் பலவற்றிலும் கறியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அங்கேயே சமைத்து, அங்கேயே முடிக்க வேண்டும்.

பகிர்வுக்குள்ளேயே படிநிலையும் இருக்கிறது. ஷாங்குக்குப் பின் வந்த சௌ வம்ச காலத்தில் பேரரசனுக்கு ஒன்பது வெண்கலக் கறிப்பானை, சிற்றரசனுக்கு ஏழு, அதற்குக் கீழே ஐந்தும் மூன்றும். படையலின் முன் நிற்கும்போதே யார் யாருக்கு மேல் என்பது தெரிந்துவிடும். நம்மிடமும் தலை பூசாரிக்கு, முதல் மரியாதை இன்ன வகையறாவுக்கு என்ற கணக்கு உண்டு. அந்த முதல் மரியாதைக்கான வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போகின்றன. புரவி எடுப்புத் திருவிழாவுக்கு மண்குதிரை செய்கிற வேளார் சில ஊர்களில் பூசாரியாகச் சாமிக்கு மிக அருகில் நிற்கிறார். சாமியை இறக்கும் பறையை அடிக்கிறவர் பல ஊர்களில் பந்திக்கு வெளியே நிற்கிறார். திருமங்கலம் அருகே சொரிக்காம்பட்டியின் கரும்பாறை முத்தையா கோயிலில் ஆண்கள் மட்டும் கூடிக் கறி விருந்து உண்கிறார்கள். எச்சில் இலை காயும்வரை பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. மோசியின் வாதம் இங்கே தடுமாறுகிறது. ஊரார் கூடி உண்கிறார்கள் என்றால், அந்த ஊரார் யார்?

திண்டுக்கல் நகரை ஒட்டிய முத்தழகுபட்டியில் ஆகஸ்ட் மாதம் புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழா நடக்கிறது. நேர்ந்துகொண்டவர்கள் ஆடும் கோழியும் அரிசியும் காய்கறியும் காணிக்கையாகக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். நூற்றுக்கணக்கான ஆடுகள். யார் கொடுத்த ஆடு என்ற அடையாளம் அண்டாவுக்குள் கரைந்துவிடுகிறது. இரவெல்லாம் பந்தி. பல மதத்தாரும் இலைக்கு உட்காருகிறார்கள். செபஸ்தியார் அம்பெய்யப்பட்டுச் சித்திரவதைக்குள்ளான ரோமப் படைவீரர். கொள்ளைநோயிலிருந்து காப்பவர். வெட்டுப்பட்டுச் செத்த வீரனுக்கு இடம் கொடுத்து, நோய் வராமல் காக்கச் சொல்லி, ஊரைக் கூட்டிச் சோறு போடும் பழைய வழக்கத்துக்குள் அவர் எளிதாக வந்து அமர்ந்துவிட்டார். இங்கே சாமியைவிடப் பந்தி பெரிதாக இருப்பதும் தற்செயல் அல்ல.

ஹான் அரசின் தலைமை அமைச்சராக உயர்ந்த சென் பிங், இளமையில் தன் கிராமத்து மண்தெய்வப் பலியில் கறி பங்கிடும் வேலை பார்த்தவர். அவர் கூறு போட்டதில் ஒருவரும் குறை சொல்லவில்லை, பெரியவர்கள் பாராட்டினார்கள். நாட்டையே பங்கிடும் வாய்ப்பு வந்தாலும் இந்தக் கறியைப் போலவே பங்கிடுவேன் என்று அவர் சொன்னதாக வரலாற்றாசிரியர் சீமா சியென் பதிவு செய்திருக்கிறார். ஆட்சியின் தகுதியை ஊர்க்கறியின் கூறில் வைத்துப் பார்த்த பார்வை அது. திண்டுக்கல் சமவெளியின் சாமி கும்பிடுகளை ஆராய வருகிறவர்களும் அங்கிருந்து தொடங்கலாம். சாமியின் பிறப்புக் கதையையும் ஆட்டத்தையும் பதிவு செய்வதோடு நில்லாமல், தலைக்கட்டு வரி யாரிடம் வாங்கினார்கள், யாரிடம் வாங்க மறுத்தார்கள், தோலும் தலையும் தொடையும் எந்த வீட்டுக்குப் போயின, பறையடித்தவர் எந்தப் பந்தியில், எந்த வரிசையில் உட்கார்ந்தார், சமைத்த பெண்கள் எப்போது சாப்பிட்டார்கள் என்று ஊர் ஊராக எழுதி வைக்கட்டும். அடுத்த ஆண்டு அதே ஊருக்குத் திரும்பிப் போய், அந்தப் பட்டியலில் என்ன மாறியிருக்கிறது என்றும் கேட்கட்டும்.